பழவேற்காட்டில் ஒரு சத்தியம்

கண் விழித்தபோது பேருந்து நெல்வயல்களுக்கு நடுவில் நின்றிருந்தது. ஓட்டுநரைக் காணோம். நடத்துநர் படிக்கட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தார். வண்டிக்குள் மிச்சமிருந்தது நானும் என் மடியிலிருந்த புடவைப் பெட்டியும்தான்.

"பழவேற்காடு வந்துடுச்சுங்களா?"

"பழவேற்காடா? இன்னாம்மா, இது காட்டூர் வண்டி. பொன்னேரில ஏறச்சொல்லோ போர்டு பாக்கலியா?"

பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். அந்த வெட்கத்தில் பேசாமல் இறங்கினேன். தை மாத வெயில் பாலாடை போல மெல்லியதாக விழுந்துகொண்டிருந்தது. அறுப்புக்கு நிற்கும் நெல்லின் மணம். எங்கோ ஒரு மோட்டார் ஓடும் சத்தம். வேறு யாருடைய கனவிலோ தவறி இறங்கிவிட்டவள் மாதிரி அரை மணி நேரம் அங்கே நின்றேன்.

நடத்துநர்தான் வழி பண்ணிக்கொடுத்தார். மீனுக்கு ஐஸ் ஏற்றிப்போன குட்டியானை என்கிற ஒரு சிறு சரக்கு வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, "ஃபாரின் அம்மா. ஏரிக்கரையாண்ட எறக்கி வுட்டுடு" என்றார். முன்னிருக்கையில் இடம் கிடைத்தது. ஐஸ் உருகிய தண்ணீர் எங்களுக்குப் பின்னால் சாலை நெடுகக் கோடு போட்டுக்கொண்டே வந்தது.

இந்தப் பயணமே என் கணவர் மணியத்தின் வாய் செய்த வேலை. பதினோரு ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கடற்கரையோரம் ஒரு கட்டுமான வேலைக்கு மேற்பார்வையாளராக வந்திருந்தார். ஒரு விடுமுறை நாளில் ஏரியைச் சுற்றிப் பார்க்கப் படகேறினார். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்தது. முங்கி எழும்போது கரையில் ஒரு கோயில் தெரிந்ததாம். "தாயே காப்பாத்து, உனக்குப் பட்டுப்புடவை சாத்துறேன்" என்று கத்தியிருக்கிறார். அது அம்மனுக்குக் கேட்டதோ இல்லையோ, பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்த தேசப்பன் என்பவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் குதித்து, இவருடைய தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்து கரை சேர்த்தார்.

அந்த முடி இப்போது இல்லை. புடவையும் இத்தனை நாள் போய்ச் சேரவில்லை. போன வருடம் முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து படுக்கையில் கிடந்தபோது மணியம் அந்தப் பேச்சை எடுத்தார். "நீயாவது போய்ச் சாத்திட்டு வா. சொன்ன சொல் நெஞ்சுல உறுத்துது." பினாங்குக் கடைத்தெருவில் அரக்கு நிறத்தில் ஒரு பட்டு வாங்கினேன். காஞ்சிபுரத்தில் நெய்து, கப்பலேறி வந்து, இப்போது விமானமேறிக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலேயே திரும்பிப் போகிற புடவை. எனக்கு அதில் சிரிப்பு வந்தது, பக்தி வரவில்லை. நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகின்றன. சண்டை ஒன்றும் இல்லை. எந்தக் காரணமும் இல்லாமல் பேச்சு நின்றுபோன ஒரு சிநேகிதியைப் போல, அவ்வளவுதான்.

மணியம் தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தபடி, படகுத்துறையில் தேசப்பன் காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லியான, எதற்கும் அவசரப்படாத மனிதர். இடது கண்ணின் ஓரத்தில் வெள்ளையாகச் சதை வளர்ந்திருந்தது. "சாரு காலு எப்டி கீது?" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை.

ஏரி என்றதும் நான் மனத்தில் கொண்டுவந்தது நாலு பக்கமும் கரையுள்ள ஒன்றை. இதற்குக் கரை எங்கே என்றே தெரியவில்லை. தண்ணீரும் வானமும் ஒரே சாம்பல் வெள்ளை. ஏரியின் நட்டநடுவில் ஒருவர் தோளில் வலையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். தண்ணீர்மேல் நடக்கிறாரோ என்று ஒரு நொடி மயங்கிவிட்டேன். அங்கே முழங்கால் ஆழம்தானாம். தண்ணீர் குறைந்துவிட்டதால் படகில் எஞ்சின் போட முடியாது. முன்னால் தேசப்பனும், பின்னால் அவருடைய மனைவியின் தம்பி முருகேசனும் நீளமான கழிகளை ஊன்றித் தள்ளினார்கள். எங்களோடு வந்த கூடைக்காரப் பெண்கள் இருவர் என்னைப் பார்த்துத் தெலுங்கில் ஏதோ பேசிக்கொண்டார்கள். தேசப்பன் சிரித்தார்.

"இன்னா சொல்றாங்கன்னா, நீங்க பொட்டிய மடில வெச்சினுக்கிறதப் பாத்தா, உள்ள கொயந்த கீதான்னு கேக்குறாங்க."

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல் பட்டை. அதில் இரண்டு மீனவக் குப்பங்கள். ஊர்ப்பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். தேசப்பனுடையதைப் பெரிய குப்பம் என்றும் அடுத்ததைச் சின்ன குப்பம் என்றும் வைத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் இடையில் ஒரு மணல் மேடு, அதன்மேல் எல்லையம்மன் கோயில். மணியம் தண்ணீருக்குள்ளிருந்து பார்த்தது இதைத்தான். அன்று மாலையே புடவையைச் சாத்திவிட்டு மறுநாள் சென்னைக்குத் திரும்பி, இரண்டு நாள் கடைகளைச் சுற்றுவது என் திட்டம்.

கோயில் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்று பெரிய குப்பத்தாருடையது, இன்னொன்று சின்ன குப்பத்தாருடையது.

"வெள்ளிக்கெழமதான் தொறப்பாங்க அக்கா" என்றாள் தேசப்பனின் மனைவி லோகா. "ஊர்ல தகராறு."

அன்று திங்கள். அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். முன்னறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டுக் கொசுவலை கட்டிக் கொடுத்தார்கள். ஒரு பக்கம் கடலின் இரைச்சல், மறுபக்கம் ஏரியின் மௌனம். எந்தக் காதால் கேட்பது என்று தெரியாமல் தூங்கிப்போனேன்.

செவ்வாய் முழுவதும் சாப்பாட்டில் போனது. காலையில் பழைய சோற்றுக்கு வறுத்த வாளைக் கருவாடு. மதியம் லோகா மடவை மீன் குழம்பு வைத்தாள். எங்கள் ஊரில் மீன் குழம்பு என்றால் தேங்காய்ப்பால் மிதக்கும். இங்கே புளியும் மிளகாயும் நேருக்கு நேர் மோதிக்கொள்கின்றன. கண்ணில் தண்ணீர் வழிய மூன்றாம் முறை சோறு கேட்டேன். லோகா வாய்விட்டுச் சிரித்தாள். சாயங்காலம் கரையில் நடந்தேன். தூரத்தில் பூநாரைகள் ஒரு நீண்ட இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. யாரோ துணி காயப்போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கோடு அசைந்தது, கலைந்தது, பிறகு தன்னையே மறுபடியும் வரைந்துகொண்டது.

தகராறு என்ன என்பதை லோகாதான் அன்றைக்கு மீன் அலசிக்கொண்டே சொன்னாள்.

ஏரியில் ஒவ்வொரு குப்பத்துக்கும் இவ்வளவு இடம் என்று வலை போடும் எல்லை உண்டு. அதைப் பாடு என்கிறார்கள். இந்த இரண்டு குப்பத்துப் பாடுகளுக்கும் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. இறால் அந்தப் பள்ளத்தில்தான் வரும். சில வருடங்களுக்கு முன்னால் இரு ஊரும் பேசி, எல்லைக்கு ஒரு பனங்கம்பை ஏரிக்குள் நட்டன. பெரிய குப்பத்துக்காகக் கம்பைப் பிடித்து நட்டவர் தேசப்பன். சின்ன குப்பத்துக்காக நட்டவர் இறந்துவிட்டார். போன புயலில் கம்பும் போய்விட்டது. இப்போது பெரிய குப்பம், கம்பு பள்ளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றது, ஆகவே பள்ளம் எங்களுடையது என்கிறது. சின்ன குப்பமோ, கம்பு பள்ளத்துக்கு இந்தப் பக்கம், பெரிய குப்பத்தின் பக்கமே நின்றது, பள்ளம் எங்களுடையது என்கிறது. அடிதடி வரைக்கும் போயிருக்கிறது. கடைசியில் சின்ன குப்பத்தார் ஒன்று சொன்னார்களாம். "தேசப்பன் அண்ணன் வெள்ளிக்கெழம அம்மன் முன்னால சூடம் அணைச்சி, கம்பு பள்ளத்தத் தாண்டி எங்க பக்கம்தான் நின்னுச்சின்னு சத்தியம் பண்ணட்டும். நாங்க ஒரு வார்த்த பேச மாட்டோம்."

எனக்கு வியப்பாக இருந்தது. எதிர்த்தரப்பு ஆளின் வாயில் தங்கள் வழக்கை ஒப்படைக்கிற ஊரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

"அப்புறம் என்ன லோகா, உங்க ஊருக்குத்தானே கிடைக்கும்?"

அவள் கையிலிருந்த மீனைக் கழுவிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ சுத்தமாகியிருந்தது.

"கம்பு இந்தாண்டதான் அக்கா நின்னுச்சி" என்றாள், குரலே எழும்பாமல்.

புதன்கிழமை மாலை ஊர்த் தலைவர் கஜேந்திரன் வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. என் கணவரின் காலை விசாரித்தார். மலேசியாவில் மீன் என்ன விலை என்று கேட்டார். பிறகு தேசப்பன் பக்கம் திரும்பினார்.

"நம்ம பாடு எல்லாம் மணலு தூந்து போச்சி. அந்தப் பள்ளம் ஒண்ணுதான் வழி. நாப்பது குடும்பம், தேசப்பா. நீ பொய் ஒண்ணியும் சொல்ல வேணாம். வாயே தொறக்காத. பூசாரி கேப்பாரு, நீ சூடத்த மட்டும் அணை. போதும்."

"எதுக்கு அணைச்சேன்னு அவளுக்குத் தெரியாதா அண்ணே?"

"யாருக்கு?"

தேசப்பன் கோயில் இருந்த திசையில் தலையை அசைத்தார்.

தலைவரின் முகம் இறுகியது. "ஊரு உன்னைத் தள்ளி வெச்சிடும். அப்பால எங்கிட்ட வந்து நிக்காத" என்று சொல்லிவிட்டு எழுந்தார். லோகா வைத்த டீ அப்படியே இருந்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பள்ளியில் ஒருமுறை தேர்வுத்தாள் ஒன்று காணாமல் போனது. அதைத் தொலைத்தவர் யார் என்று எனக்குத் தெரியும். விசாரணையில் பழி வேறொரு ஆசிரியை மேல் விழுந்தது. என்னிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை, ஆகவே நான் பேசவில்லை. அவர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். 'வாயே தொறக்காத' என்று கஜேந்திரன் சொன்னபோது எனக்கு அந்த விசாரணை அறையின் மின்விசிறிச் சத்தம் கேட்டது.

கஜேந்திரன் போன பிறகு லோகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நீ சொன்னா கேப்பாரு. நாளைக்குக் காலைல உன்னைப் பறவ பாக்க இட்டுகினு போறேன்னாரு இல்ல, அப்ப சொல்லு. வெள்ளிக்கெழம உனுக்குத் தொணையா பொன்னேரிக்கு வரச்சொல்லு. கண்ணு டாக்டர்கிட்ட காட்டணும்னு சொல்லு. அந்த சதையும் வளந்துகினேதான கீது? ஆளு ஊர்லயே இல்லன்னா சத்தியம் தள்ளிப் பூடும். உன் பொடவைய நான் பூசாரிகிட்ட குடுத்துடறேன். அப்பால பாத்துக்கலாம்."

என் கணவரை உயிரோடு திருப்பிக் கொடுத்த வீடு. நான் தலையாட்டினேன். அது சரியான யோசனை என்றுகூட எனக்குப் பட்டது. யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, யாரும் எதையும் இழக்க வேண்டியதில்லை.

வியாழன் விடியலில் ஏரி முழுக்கப் பனி. படகின் முனை எனக்குத் தெரியவில்லை. முருகேசன் வரவில்லை. தேசப்பன் தனியாகவே கரையோரமாக மெதுவாகத் தள்ளினார். கழி தண்ணீருக்குள் இறங்கும் சத்தமும், அது எழும்போது சொட்டும் சத்தமும் தவிர உலகத்தில் வேறெதுவும் இல்லை. தள்ளுவதற்கு முன்னால் அவர் கோயில் பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்ததைக் கவனித்தேன். மந்திரம் மாதிரி இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது மாதிரி இருந்தது.

பூநாரைகள் பனிக்குள் நிறமாக மட்டும் இருந்தன. உருவம் இல்லை. வெள்ளைக்குள் கலந்த கொஞ்சம் சிவப்பு, நடுவே கரகரவென்று பேச்சுக்குரல்கள். நான் எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. பிறகு நினைவு வந்து, மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னேன். கண், பொன்னேரி, டாக்டர், துணை.

அவர் கழியை ஊன்றிப் படகை நிறுத்தினார்.

"லோகா சொல்லச் சொன்னாளா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "ஆமா" என்றேன்.

"பாவம் அவ." கழியின்மேல் சாய்ந்துகொண்டார். "எங்க நைனா ஒரு பழக்கத்த வுட்டுட்டுப் போனாரும்மா. கழிய ஊணறதுக்கு முன்னாடி அவகிட்ட ரெண்டு வார்த்த பேசணும். பெருசா ஒண்ணியும் இல்ல. முட்டி வலிக்குது தாயே, இன்னிக்குக் காத்து சரியில்ல தாயே, லோகாகிட்ட நேத்து கத்திட்டேன் தாயே, இப்டித்தான். முப்பது வருஷமா பேசிகினு வரேன். வெள்ளிக்கெழம பொய்ச் சத்தியம் பண்ணிட்டு, சனிக்கெழம காலைல அவகிட்ட இன்னான்னு பேசுவேன்?"

"அம்மன் மன்னிக்க மாட்டாளா அண்ணே?"

"அவ மன்னிப்பா. அதுல சந்தேகமே இல்ல. எனுக்குத்தான் அவ மூஞ்சியப் பாக்க முடியாது."

"அதான் பொய் வேண்டாங்கிறேன். ஊர்ல இல்லாம இருந்தா போதுமே?"

"என்னைக் கூப்புட்ட அன்னிக்கு நான் ஓடிப்போனா, அதுவும் ஒரு பதில்தான? நாப்பது குடும்பத்துக்கு இன்னா பண்றதுன்னு எனுக்கும் தெரியல. ராத்திரி தூக்கம் இல்ல. அந்த நாப்பதுல நானும் ஒருத்தன்தான். அதுக்காவ அவளப் பொய்க்குச் சாட்சி வெக்க முடியாதும்மா."

அவர் குரலில் வீரம் ஒன்றும் இல்லை. களைப்புதான் இருந்தது. கண்கள் கலங்கியிருந்தனவா, பனியின் ஈரமா, எனக்குத் தெரியவில்லை. சூரியன் எழுந்து பனி ஒரு திரையைப்போல மேலே போனது. பறவைகளுக்குக் கால்கள் வந்தன. நாங்கள் திரும்பினோம். கரையில் நின்ற லோகா என் முகத்தைப் பார்த்ததுமே உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பூட்டுகளையும் திறந்தார்கள். அம்மனுக்கு அபிஷேகம் முடிந்ததும் பூசாரி என்னைக் கூப்பிட்டார். "மலேசியா அம்மா, பொடவையக் குடு." சத்தியத்தன்று அம்மனுக்குப் புதுப்புடவை கட்டுவது வழக்கமாம். மணியத்தின் புடவை அந்த நாளுக்கென்றே வந்ததாக ஊரே பேசிக்கொண்டது. பதினோரு வருட சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பெருமை கிடைத்ததை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது.

அம்மன் பெரிய சிலை இல்லை. என் இடுப்பளவுதான் இருப்பாள். அரக்குப் பட்டில், எண்ணெய் மினுக்கும் கருத்த முகத்தில், வெள்ளியில் செய்து பதித்த இரண்டு கண்கள். நான் கைகூப்பினேன். வழக்கத்தினால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உச்சிப்பொழுதில் இரு ஊரும் மேட்டில் கூடின. வலப்பக்கம் பெரிய குப்பம், இடப்பக்கம் சின்ன குப்பம், நடுவில் சுடுமணல். தேசப்பன் ஏரியில் முழுகி, ஈர வேட்டியோடு நடந்துவந்தார். அவர் ஊர்ப் பெண்கள் அவருக்கு வழிவிட்டார்கள். ஒருத்தி "நல்லா இரு அண்ணே" என்றாள். கடைசி நேரத்தில் அவர் மனம் மாறிவிடும் என்றுதான் கஜேந்திரன் உட்பட எல்லாரும் நம்பினார்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் நினைத்தேனோ என்னவோ.

பூசாரி பித்தளைத் தட்டில் கற்பூரத்தை ஏற்றினார். "தேசப்பா, எல்லக்கம்பு எங்க நின்னுச்சின்னு தாயிக்கு முன்னால சொல்லி அணை."

தேசப்பன் அம்மனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கற்பூரம் பாதியாகிவிட்டது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கம்பு பள்ளத்துக்கு இந்தாண்ட, எங்க பக்கம்தான் நின்னுச்சி. நான்தான் நட்டேன். நீ பாத்துகினு இருந்த, தாயே."

உள்ளங்கையைத் தீயின்மேல் வைத்து அழுத்தினார்.

இரண்டு பக்கத்திலும் யாரும் கத்தவில்லை, ஜெயித்தவர்கள்கூட. காற்றில் கற்பூரப் புகை மட்டும் கொஞ்சம் நீண்டு கலைந்தது. கஜேந்திரன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறிக்கொண்டு முதலில் நடந்தார். அவர் பின்னால் பெரிய குப்பம் முழுவதும் நடந்தது. "நல்லா இரு" என்று சொன்ன அதே பெண் ஒரு பிடி மணலை அள்ளித் தேசப்பன் காலடியில் வீசிவிட்டுப் போனாள். லோகா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் அவரைப் பார்க்காமல் நடந்தாள்.

கடைசியில் மேட்டில் அவரும் நானும் பூசாரியும்தான். அப்போது என் கைகள் மறுபடியும் கூப்பியிருந்தன. இந்தமுறை வழக்கம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மாலைக்குள் ஊர்க்கட்டுப்பாடு வந்துவிட்டது. தேசப்பன் வீட்டாரோடு யாரும் பேசக் கூடாது. அவர் படகில் யாரும் ஏறக் கூடாது. அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக் கூடாது. இந்தப் பருவம் முடியும்வரை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து, எப்போதோ இரவல் வாங்கிய குண்டானை வாசலில் வைத்துவிட்டு வாயே திறக்காமல் போனாள். லோகா குழாயடிக்குப் போனபோது அங்கிருந்த பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு தள்ளி நின்றார்களாம். திரும்பி வந்தவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கத்தினாள்.

"உன் சாமி வந்து சோறு போடுமாய்யா? என் தம்பி மொகத்தைத் திருப்பிகினு போறான். என் கூடப் பொறந்தவன்! இன்னா சம்பாரிச்ச நீ?"

தேசப்பன் கொப்புளம் போட்ட உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

மணியம் தொலைபேசியில், "புடவை சாத்தியாச்சா?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்குத் தெரிஞ்ச ஆளுதான்" என்றார். "அன்னைக்கு அலை அப்படி அடிச்சப்பவும் கையை விடலை."

சனிக்கிழமை காலை நான் கிளம்பவேண்டும். என்னைத் துறையில் விட்டுவிட்டு வலைக்குப் போவதாகத் தேசப்பன் சொன்னார். பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தபோது கரையில் வேறொரு படகு ஒதுங்கியிருந்தது. சின்ன குப்பத்துக்காரர் ஒருவர், வேலு என்று பெயர், கணுக்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க ஊர்ல பேசிட்டோம். பள்ளத்துல வாரத்துக்கு ஒரு நாள் உனுக்கு. நீ வலை போடு. ஒருத்தரும் கேக்க மாட்டோம். கூட வர ஆளு வேணும்னாலும் நாங்க தரோம்."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதோ, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பின்னால் வாசலில் லோகா நிற்பது தெரிந்தது.

தேசப்பன் எரிந்த கையையும் நல்ல கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"வேணாம்பா. நீ கேட்டதே போதும். அத்த வாங்கினா, அதுக்காவத்தான் சொன்னேன்னு ஆயிடும். எங்க ஊருக்கு எது இல்லியோ, அது எனுக்கும் வேணாம்."

"யோசிச்சி சொல்லு அண்ணே."

"யோசிச்சிட்டேன்."

வேலுவும் கும்பிட்டுவிட்டுப் படகைத் திருப்பிக்கொண்டு போனார். நான் லோகா பக்கம் திரும்பத் துணியவில்லை.

தேசப்பன் தண்ணீரில் இறங்கிக் கோயில் பக்கம் பார்த்து நின்றார். வழக்கமான அந்த முணுமுணுப்பு. அன்று கொஞ்சம் நீளமாக இருந்தது. என்ன பேசினார் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நானே இரண்டடி தள்ளி நின்றேன். கரை நெடுக ஆட்கள் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் முருகேசன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

நான் படகின் நடுவில் ஏறி உட்கார்ந்தேன். முன்முனையில் தேசப்பன் கழியை எடுத்தார். எரிந்த உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. ஒற்றை ஆளாக ஏரியைத் தாண்டித் தள்ள அந்தக் கை தாங்குமா என்று தெரியவில்லை. முதல் ஊன்றலிலேயே அவர் முகம் சுருங்கி, முதுகு வளைந்தது. படகு அசையவில்லை.

அப்போது மணலில் காலடிச் சத்தம். லோகா வேகமாக வந்தாள். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை. தண்ணீரில் இறங்கி, படகின் பின்முனையில் ஏறி, அங்கே கிடந்த தம்பியின் கழியைக் கையில் எடுத்தாள். அந்தக் குப்பத்தில் பெண்கள் வலைக்குப் போவதில்லை. கரையில் வலை பிரித்த கைகள் நின்றன. முருகேசன் திரும்பிப் பார்த்தார்.

தேசப்பனும் திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"இன்னா பாக்குற?" என்றாள் லோகா. "நிமுந்து நின்னு ஊணு. ஊரே பாத்துகினு கீது."

அவர் நிமிர்ந்தார். இரண்டு கழிகளும் ஒன்றாக இறங்கின.